பிரேக்கைக் கழற்றாதீர்கள், பாதையை மாற்றுங்கள்

“டீச்சர், கஹாங்கிலிருந்து கம்போங் பெத்தா வரைக்கும் சைக்கிளிலேயே போக முடியுமா?”

சென்ற மாதம் ஒரு மாலை, அறிவியல் கூடத்தைப் பூட்டிக்கொண்டிருந்தபோது படிவம் நான்கு மாணவன் ஒருவன் வந்து கேட்டான். கைப்பேசியில் யாரோ எடுத்த படங்களைக் காட்டினான். செம்மண் பாதை, இரு பக்கமும் காடு, சட்டத்தில் பைகளைக் கட்டிய சைக்கிள்கள், முழங்கால் வரை சேறு அப்பிய மனிதர்கள். இதற்குப் ‘பைக்பேக்கிங்’ என்று பெயர். கூடாரம், உணவு, தண்ணீர், பழுது பார்க்கும் கருவி எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு, தார்ச் சாலையை விட்டு விலகிக் காட்டுப் பாதையிலும் சரளைப் பாதையிலும் நாள் கணக்கில் போவது.

“முடியும். நான் போயிருக்கிறேன். மூன்றாவது முயற்சியில்தான் போய்ச் சேர்ந்தேன்,” என்றேன். அவன் முகம் மலர்ந்தது. அடுத்து நான் ஒரு கேள்வி கேட்டேன். “உன் சைக்கிளில் பிரேக் இருக்கிறதா?”

பதில் இல்லை. பள்ளிக்கு வெளியே அவன் சைக்கிளைப் பார்த்திருக்கிறேன். சிறிய சக்கரம், தாழ்த்திய கைப்பிடி, பிரேக் கம்பிகள் இரண்டையும் வெட்டி எடுத்த வண்டி. ‘பாசிக்கல் லாஜாக்’ என்று நீங்கள் சொல்கிறீர்களே, அதேதான்.

மறுநாள் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது ஒருவர், “அவனுக்கு ஆசை காட்டாதீர்கள், பிறகு பெற்றோர் வந்து நம்மைக் கேட்பார்கள்,” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் நான் அதற்கு நேர்மாறான பக்கத்தில் நிற்கிறேன். இந்த வாரம் அதைத்தான் உங்களிடம் பேசப்போகிறேன்.

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18. ஜொகூர் பாரு, ஜாலான் லிங்காரான் டாலாம். விடியற்காலை மூன்று மணிக்கு மேல். மாற்றியமைத்த சைக்கிள்களில் கூட்டமாக வந்த பிள்ளைகள் மீது ஒரு கார் மோதியது. எட்டுப் பேர் இறந்தார்கள். எல்லாரும் பதின்ம வயதினர், இன்று நீங்கள் இருக்கும் வயதில் இருந்தவர்கள். வழக்கு 2023 வரை ஒரு நீதிமன்றத்திலிருந்து இன்னொரு நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. யார் குற்றம் என்ற விவாதத்துக்குள் நான் நுழையவில்லை. அது சட்டம் படித்தவர்களின் வேலை. அதன் பிறகு பெரியவர்களாகிய நாங்கள் என்ன செய்தோம் என்பதுதான் என் கவலை. பல வீடுகளில் சைக்கிளைப் பிடுங்கி வைத்தோம். ‘சைக்கிள் என்றாலே வம்பு’ என்றோம். சைக்கிள் கொட்டகையில் பாதி காலியாகக் கிடக்கும் பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். பிடுங்கிய பிறகும் ஆசை போகவில்லை. அது வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனது, அவ்வளவுதான்.

வேகம் பிடிக்கும் வயது இது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வேகத்தின் கணக்கைத் தெரியாமல் அதை விரும்புவதைக் குறை சொல்வேன். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம். வினாடிக்கு ஏறத்தாழ 11 மீட்டர். நல்ல பிரேக்கும் காய்ந்த தார்ச் சாலையும் இருந்தால் ஒவ்வொரு வினாடியும் 5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கலாம். வேகத்தின் வர்க்கத்தை, வேகம் குறையும் வீதத்தின் இரு மடங்கால் வகுத்தால் நிற்கும் தூரம் வரும். 12 மீட்டர் சொச்சம். பிரேக் இல்லாமல் காலணியைத் தரையில் தேய்த்து நிறுத்துகிறீர்கள் என்றால், வினாடிக்கு 1 மீட்டர் வீதம் குறைக்க முடியும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இப்போது 60 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. ஆபத்தைக் கண்ணால் கண்டு கால் அசைவதற்குள் ஒரு வினாடி போகும். அதில் இன்னொரு 11 மீட்டர். மொத்தம் எழுபது மீட்டருக்கு மேல். நம் பள்ளித் திடலில் நூறு மீட்டர் ஓட்டப் பாதை இருக்கிறது. போய் நின்று எழுபதாவது மீட்டரைப் பாருங்கள்.

இருக்கையில் மல்லாந்தும் குப்புறவும் படுத்து ஓட்டுகிறீர்களே, அதற்கும் அறிவியல் இருக்கிறது. காற்றை எதிர்கொள்ளும் பரப்பு குறைகிறது, காற்றின் இழுவை குறைகிறது, வேகம் கூடுகிறது. இதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள். சோதித்துப் பார்த்துக் கற்ற பாடம் அது. அந்த மூளையைத்தான் நான் செம்மண் பாதைக்கு வரச் சொல்கிறேன்.

கஹாங் தெரியும்தானே? குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் வழியில் உள்ள சிற்றூர். அங்கிருந்து உள்ளே திரும்பினால் ஏறத்தாழ 56 கிலோமீட்டர். முதலில் செம்பனைத் தோட்டங்கள், பிறகு மரவெட்டு லோரிகளுக்காகப் போட்ட பாதை, அப்புறம் காடு. முடிவில் எண்டாவ் ஆற்றங்கரையில் ஜக்கூன் பூர்வகுடி மக்கள் வாழும் கம்போங் பெத்தா. எண்டாவ்–ரொம்பின் தேசியப் பூங்காவின் ஜொகூர்ப் பக்க வாசல்களில் ஒன்று அது. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிக்கே இரண்டு மணி நேரம், மழை நாளில் அதற்கும் மேல். சைக்கிளில், பையோடு, எங்களுக்கு ஒரு முழுப் பகல் ஆனது.

தோட்டத்துச் செம்மண் பாதையில் சுமையோடு சைக்கிள் ஓட்டுவது வெளிநாட்டுக்காரர்கள் கண்டுபிடித்த விளையாட்டு என்று நினைக்காதீர்கள். என் தாத்தா கித்தாத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நிரைக்குச் சைக்கிளில்தான் போவார். திரும்பும்போது பின்னால் இரு பக்கமும் பால் தகரங்கள் தொங்கும். இறக்கத்தில் பால் தளும்பினால் கூலி தளும்பியது போல. அதனால் எந்த மேட்டில் இறங்கித் தள்ள வேண்டும், எந்தப் பள்ளத்தில் பிரேக்கை எப்போது விட வேண்டும் என்று அவர் உடம்புக்கே தெரியும். ஒரே ஒரு பல்சக்கரம் கொண்ட இரும்புச் சைக்கிள். அதை நாற்பது வருடம் ஓட்டினார். இன்று கடையில் எட்டாயிரம், பத்தாயிரம் ரிங்கிட் விலை போட்ட வண்டிகளைப் பார்த்து ‘இது இருந்தால்தான் போக முடியும்’ என்று மயங்கி நிற்கும் பிள்ளைகளுக்குத் தாத்தாவைப் பற்றிச் சொல்வேன்.

நம் நாட்டில் நடந்த மிகப் பெரிய சைக்கிள் பயணம் ஒரு போர். 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி 31ஆம் தேதி ஜொகூர் பாரு அவர்கள் கையில். 55 நாளில் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். ஆயிரக்கணக்கான வீரர்கள் சைக்கிளில் வந்தார்கள். ஒவ்வொருவரும் ஏறத்தாழ 30 கிலோ சுமையோடு. பின்வாங்கிய படை பாலங்களைத் தகர்த்தால் லோரி நின்றுவிடும், சைக்கிள் நிற்காது. தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். பெரிய சாலையில் எதிரி காத்திருந்தால் தோட்டப் பாதை வழியாகச் சுற்றி வந்தார்கள். வெயிலில் டயர் வெடித்துக்கொண்டே இருந்தது. பழுது பார்க்கவென்றே ஒவ்வொரு பிரிவிலும் ஆட்கள் இருந்தார்கள். டயர் கிடைக்காதபோது வெறும் இரும்பு விளிம்பிலேயே ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் பீரங்கி வண்டிகள் வருவதாக நினைத்தார்களாம்.

அந்தப் படையை நான் புகழவில்லை. சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இதைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சொல்ல வந்தது வேறு. ஜொகூர் வரை வந்த அந்த டயர்களின் மூலப்பொருள் இந்த மண்ணில் விளைந்ததுதான். 1877இல் 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அதற்குப் பதினொரு ஆண்டுகள் கழித்து, 1888இல், டன்லப் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். சைக்கிள் டயரும் பிறகு கார் டயரும் பெருகப் பெருக மலாயாவில் தோட்டங்கள் பெருகின. தோட்டங்கள் பெருகியதால் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் கொண்டுவரப்பட்டார்கள். நீங்கள் ஜொகூரில் உட்கார்ந்து இந்தப் பக்கத்தைப் படிப்பதற்கும் ஒரு சைக்கிள் டயருக்கும் உறவு உண்டு.

டயரைப் பற்றித்தான் செம்மண் பாதை முதலில் பாடம் எடுக்கும். நீங்களும் சைக்கிளும் பையும் சேர்ந்து 80 கிலோ என்று வையுங்கள். எடை 800 நியூட்டன். ஒரு சக்கரத்துக்கு 400 நியூட்டன் என்று எளிமையாகப் பிரிப்போம். உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் 400 கிலோபாஸ்கல் என்றால், கடைக்காரர் மொழியில் 58 பி.எஸ்.ஐ., டயர் தரையைத் தொடும் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர். தீப்பெட்டியின் முகப்பில் பாதிக்குச் சற்று அதிகம். அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் பரப்பு இரட்டிப்பாகும். முழுத் தீப்பெட்டி. தார்ச் சாலையில் கடினமான டயர் நன்றாக ஓடும். சரளையில் அதே டயர் ஒவ்வொரு கல்லின் மீதும் ஏறிக் குதிக்கும். ஒவ்வொரு குதிப்பும் முன்னோக்கிப் போக வேண்டிய ஆற்றலை மேல்நோக்கி வீணாக்குகிறது. மென்மையான டயர் கல்லை விழுங்கிக்கொண்டு போகும். அதற்காக ரொம்பவும் இறக்கிவிட்டால் கல்லுக்கும் விளிம்புக்கும் நடுவே டியூப் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை விழும். பாம்புக்கடி என்று பழுது பார்ப்பவர்கள் சொல்வார்கள். எந்த அழுத்தம் சரி என்று உங்கள் எடைக்கும் உங்கள் பாதைக்கும் நீங்களே சோதித்துத்தான் அறிய முடியும்.

பத்துக் கிலோமீட்டர் போவதற்குள் இன்னொன்றைச் சந்திப்பீர்கள். பாதை முழுக்க, சலவைப் பலகை போல, குறுக்கே வரி வரியாக மேடு பள்ளம். பல் கிட்டித்துக்கொள்ளும். லோரி ஓட்டுநர்கள் வேண்டுமென்றே செய்ததோ என்று கூட எனக்கு முதலில் தோன்றியது. 2007இல் டாபர்லே, மோரிஸ், மெக்கெல்வெயின் என்ற மூன்று இயற்பியலாளர்கள் இதை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தார்கள். சுழலும் வட்டப் பலகையில் மணலைப் பரப்பி, அதன் மேல் ஒரு சிறு சக்கரத்தை உருளவிட்டார்கள். ஒரு குறிப்பிட்ட வேகம் வரை மணல் தட்டையாகவே இருந்தது. அந்த வேகத்தைத் தாண்டியதும் தானாகவே அலைகள் தோன்றின. சக்கரத்துக்குச் சுருள்வில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தோன்றின. உண்மையான சாலையில் அந்த எல்லை வேகம் மிகவும் குறைவு. எந்த லோரிக்காரரும் அந்த வேகத்தில் ஊர்ந்து போகச் சம்மதிக்கமாட்டார். அதனால்தான் எத்தனை தடவை சமன்படுத்தினாலும் வரிகள் திரும்ப வருகின்றன. நம் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் கிடக்கும் ஒரு தொல்லை உலகத் தரமான ஆய்வேட்டுக்குப் பொருளாகும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாதையின் ஓரமாகப் பாருங்கள். சக்கரங்கள் அதிகம் படாத இடத்தில் வரி இருக்காது. சைக்கிளுக்கு அந்த ஒரு சாண் போதும்.

மண் ஏன் சிவப்பு? வெப்பமும் மழையும் ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளாகப் பாறையைக் கரைத்தன. எளிதில் கரைவதெல்லாம் அடித்துக்கொண்டு போக, இரும்பின் ஆக்சைடும் அலுமினியத்தின் ஆக்சைடும் களிமண்ணும் மிஞ்சின. சிவப்பு, இரும்பு துருவேறிய நிறம். அலுமினியம் மிகுந்த இடத்தில் அதே மண் பாக்சைட் தாது. நம் மாநிலத்துத் தெலுக் ரமுனியாவில் அதைத் தோண்டி எடுத்தார்கள். வெயிலில் இந்தப் பாதை சிமெண்ட் போல இருக்கும். ஒரு மணி நேர மழை போதும், களி குழம்பாகிவிடும். டயரில் ஒட்டி, சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. முதல் முயற்சியில் என் தம்பியோடு முப்பது கிலோமீட்டர் தாண்டியிருப்பேன். மதியத்துக்கு மேல் மழை. நின்றிருக்க வேண்டும். மேலே ஏறிவிட்டோம், இறக்கம்தானே என்று விட்டேன். சறுக்கத் தொடங்கியதும் பயத்தில் முன் பிரேக்கை முழுக்கப் பிடித்தேன். சரளையிலும் சேற்றிலும் டயருக்குக் கிடைக்கும் உராய்வு தார்ச் சாலையில் கிடைப்பதைவிட மிகவும் குறைவு. முன் சக்கரம் சுற்றுவதை நிறுத்திச் சறுக்கினால் அதைத் திருப்ப முடியாது. திருப்ப முடியாத சைக்கிள் நிமிர்ந்து நிற்க முடியாது. இதைப் பல தடவை கரும்பலகையில் எழுதிய நான் முழங்கை கிழிந்து கால்வாயில் கிடந்தேன். கைப்பேசியில் ஒரு கோடு கூட இல்லை. அதற்கு மேல் போகவில்லை. தம்பி காயத்தைக் கொண்டுவந்த குடிநீரால் கழுவினான். பாதையோரக் குட்டைத் தண்ணீரைக் காயத்தில் படவிடக் கூடாது, எலிச் சிறுநீர்க் கிருமி அதில் இருக்கலாம். அழுக்கான கட்டோடு தள்ளிக்கொண்டும் ஓட்டிக்கொண்டும் கஹாங்குக்குத் திரும்பினோம். வீட்டில் அம்மா பேசியதை இங்கே எழுத முடியாது.

இரண்டாவது முயற்சியில் தோற்றது தண்ணீர்க் கணக்கில். சைக்கிள் மிதிக்கும்போது தசைகள் எடுக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குதான் மிதிகட்டைக்குப் போகிறது. மீதி வெப்பம். 80 வாட் வீதம் மிதித்தால் உடம்பில் 320 வாட் வெப்பம் உண்டாகிறது. ஒரு மணி நேரத்துக்கு 11 இலட்சம் ஜூலுக்கு மேல். அதை வியர்வை ஆவியாகித்தான் வெளியேற்ற வேண்டும். ஒரு கிலோ வியர்வை ஆவியாக ஏறத்தாழ 24 இலட்சம் ஜூல் தேவை. ஆக மணிக்கு அரை லிட்டர். நான் போட்ட கணக்கு அத்துடன் நின்றது. ஏழு மணி நேரத்துக்கு மூன்றரை லிட்டர் எடுத்துக்கொண்டேன். ஆவியாகும் வியர்வைக்குத்தான் அந்தக் கணக்கு. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். பாதி வியர்வை ஆவியாகாமலே சொட்டிவிடும். சொட்டிய வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, உடம்பிலிருந்த நீர் போனதுதான் மிச்சம். பதினோரு மணிக்கே தலை வலித்தது, கண் மங்கியது. செம்பனை நிழலில் ஒரு மணி நேரம் படுத்துவிட்டுத் திரும்பினோம். இப்போது அந்தக் கணக்கை இரண்டால் பெருக்கிக்கொள்கிறேன், உப்பும் எடுத்துப்போகிறேன்.

தலைவலியோ மயக்கமோ வந்தால் நிறுத்திவிட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் நிறுத்தாததற்குக் காரணம் கூட வருபவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம். நள்ளிரவுச் சாலையில் உங்களை நிறுத்தவிடாமல் செய்வதும் அதே கூச்சம்தான். காட்டுப் பாதையில் அந்தக் கூச்சத்தைக் கழற்றிவைக்கப் பழகலாம். அங்கே கைதட்ட யாரும் இல்லை.

இனி காட்டைப் பற்றி. நாங்கள் ஓட்டிய பாதை எங்களுக்காகப் போட்டதில்லை, மரத்தை வெளியே கொண்டுவரப் போட்டது. 1977இல் பகாங் பக்கத்தில் எண்டாவ்–ரொம்பின் காட்டின் மையப் பகுதியில் மரம் வெட்ட அனுமதி கொடுத்தபோது நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது. மறு ஆண்டு வெட்டுவது நின்றது. 1985–86இல் மலாயா இயற்கைக் கழகம் அறிவியலாளர்களைக் கூட்டி அங்கே பெரிய ஆய்வுப் பயணம் நடத்தியது. அதுவரை அறிவியலுக்குத் தெரியாத விசிறிப்பனை ஒன்று அங்கே கிடைத்து, ‘லிவிஸ்டோனா எண்டாவென்சிஸ்’ என்று பெயர் பெற்றது. என்ன இருக்கிறது என்று எழுதி வைத்ததால்தான் எதைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்ல முடிந்தது. ஆனால் எழுதி வைத்ததெல்லாம் தப்பவில்லை. அந்தக் காட்டில் ஒரு காலத்தில் இருந்த சுமத்ரா காண்டாமிருகம் இன்று மலேசியாவிலேயே இல்லை. கடைசியாக இருந்த இமான் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது.

பாதை போட்டால் லோரி மட்டும் போவதில்லை. கண்ணி வைப்பவனும் அதே வழியாகத்தான் போகிறான். சைக்கிள்காரனும் போகிறான். ‘நாம் புகை விடுவதில்லை, அதனால் காட்டுக்குக் கேடில்லை’ என்று சிலர் பேசுவதை நான் ஏற்பதில்லை. கூட்டம் கூட்டமாக, பாட்டுப் போட்டுக்கொண்டு, குப்பை எறிந்துகொண்டு போனால் கேடுதான். நான்கைந்து பேருக்கு மேல் போகக் கூடாது என்பது என் கட்சி.

யானை? உண்டு. கஹாங், குளுவாங், கோத்தா திங்கி, மெர்சிங் வட்டாரங்களில் தோட்டத்துக்குள்ளேயே வரும். நமக்கு முன்பே அது நடந்த வழி. விடியலிலும் அந்தியிலும் ஓட்டக் கூடாது. பாதையில் சாணம் கிடந்தால் இறங்கிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பழையது. ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தால் திரும்பிவிடுங்கள். படம் எடுக்க நிற்காதீர்கள். மூன்றாவது பயணத்தில் அப்படி ஒரு சாணத்தைப் பார்த்து வந்த வழியே இரண்டு கிலோமீட்டர் திரும்பிப் போய், ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். யானையை நாங்கள் பார்க்கவே இல்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

என் சக ஆசிரியர் சொன்னதற்கு வருகிறேன். பெற்றோர் கேட்பார்கள், உண்மைதான். கேட்கட்டும். நள்ளிரவில் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் இருப்பதைவிட, காலை ஏழு மணிக்கு எந்தத் தோட்டத்தின் எந்தப் பாதையில் யாரோடு போகிறான் என்று தெரிந்திருப்பது எந்தப் பெற்றோருக்கும் ஆறுதல். ‘டியூஷனுக்கு நேரம் போதவில்லை, இதற்கு எங்கே நேரம்’ என்பார்கள். உராய்வு, அழுத்தம், நெம்புகோல், தன் வெப்பம், மண், சூழலியல் எல்லாவற்றையும் ஒரே காலைப் பொழுதில் கையாலும் காலாலும் தொடும் வகுப்பு வேறு எங்கே இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஆரம்பப் பள்ளிக்குச் சைக்கிளில் வந்தவர்கள் படிவம் ஒன்றுக்கு வந்ததும் உங்கள் சைக்கிள் காணாமல் போய்விடுகிறது. யாரும் பிடுங்குவது கூட இல்லை, தானாகத் தம்பிக்குப் போய்விடுகிறது. எனக்கும் அப்படித்தான் போனது. இருபத்தெட்டு வயதில் தம்பியிடமிருந்து திரும்ப வாங்கினேன். அதுவரை ஏன் கேட்கவில்லை என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. நீங்கள் இந்த வாரமே கேளுங்கள்.

அதற்காக நாளைக்கே கம்போங் பெத்தாவுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அது பள்ளி முடித்தவர்களுக்கான, பெரியவர்கள் துணையோடு போக வேண்டிய பாதை. பூங்காவுக்குள் நுழைய ஜொகூர் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வழக்கமாக மூடிவிடுவார்கள். உங்களுக்கு உங்கள் ஊர்த் தோட்டமே போதும். தோட்டச் சாலை தனியார் நிலம் என்பதால் அலுவலகத்தில் போய் அனுமதி கேளுங்கள். பள்ளி அறிவியல் கழகத்தின் பெயரில் கடிதம் கொடுத்தால் பெரும்பாலும் மறுப்பதில்லை, காவலரிடமும் சொல்லிவைப்பார்கள். மருந்து தெளிக்கும் நாளும் செம்பனைக் குலை லோரிகள் ஓடும் நேரமும் எவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் பத்துக் கிலோமீட்டர். தலைக்கவசம். இரண்டு பிரேக்.

இரண்டு வாரம் முன்பு அந்த மாணவன் மறுபடியும் வந்தான். பழைய சாமான் கடையில் வாங்கிய பிரேக் கம்பியும் கட்டையும் அவன் கையில் இருந்தன. பூட்டத் தெரியவில்லை. பள்ளித் தோட்டக்காரர் அண்ணன்தான் கற்றுக்கொடுத்தார். ஒரு மணி நேரம் ஆனது. சனிக்கிழமை காலை அளவு நாடாவும் நிறுத்துக் கடிகாரமும் எடுத்துக்கொண்டு நாங்கள் ஐந்து பேர் வாகனம் நிறுத்துமிடத்துக்குப் போனோம். தார்த் தரையில் ஒரு கோடு, பக்கத்துச் சரளையில் ஒரு கோடு. கோட்டைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகம் இருக்க வேண்டும். கணக்குப்படி தாரில் 3 மீட்டர், சரளையில் 6 மீட்டர் என்று கரும்பலகையில் எழுதி வைத்திருந்தேன். தாரில் 3.4 வந்தது. சரளையில் ஐந்து தடவையும் ஐந்து விதமாக வந்தது, 5 முதல் 9 வரை. ஒரு மாணவி, பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் தூரம் கூடுகிறது, ஆனால் வண்டி நேராக நிற்கிறது என்று குறித்து வைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் பின் சக்கரத்துக்குப் பிடி குறைகிறது என்று அவளே சொன்னாள். சரளை அளவுகள் ஏன் அப்படிச் சிதறுகின்றன என்பதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. கல்லின் அளவாக இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். மழை பெய்த மறுநாள் ஈரத் தரையில் மீண்டும் அளப்பதாக இருக்கிறோம்.